மும்மொழி எல்லையில் ஆங்கில இலக்கணம்

ஒரு மொழியைப் பேசுவதற்கு இலக்கண நூல் வேண்டுவதில்லை. தாயின் மடியிலும் தெருப் புழுதியிலும் கிடந்து குழந்தை தானே மொழியைப் பெற்றுக்கொள்கிறது. பிறிதொரு மொழியைப் பள்ளியில் அமர்ந்து கற்கும்போதோ, ‘இது ஏன் இப்படி வருகிறது?’ என்னும் வினா எழுந்தே தீரும். அவ்வினாவிற்கு விடை கூறும் கலையே இலக்கண விளக்கம் எனலாம். ஆங்கில இலக்கணத்தை நம்மவர்க்கு விளக்கப் புகுந்தோர் கடந்த இருநூறு ஆண்டுகளில் கையாண்ட நெறிகள் பல. அவற்றை வரலாற்று முறையில் நோக்கி, தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எந்நெறி ஏற்றது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குரிய களமாக அகளியை எடுத்துக்கொள்வோம்.

அகளியும் அதன் மொழிகளும்

அகளி, கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். மேற்கே மன்னார்க்காட்டிலிருந்து மலைப்பாதை வழியே ஏறி வரலாம். கிழக்கே ஆனைகட்டியைக் கடந்து கோயம்புத்தூர் செல்லலாம். பவானியும் சிறுவாணியும் பாயும் அப்பள்ளத்தாக்கின் பழங்குடிகள் இருளர், முதுகர், குறும்பர் ஆவர். கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்து உழவு நாடிச் சென்ற தமிழரும், தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வந்த மலையாளிகளும் பின்னர்க் குடியேறியவர்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் வள்ளுவநாடு வட்டத்தில் அடங்கியிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபாருடன் சேர்ந்து கேரளத்தின் பகுதியாயிற்று. இன்று இடுக்கி மாவட்டத்தில் அடங்கும் தேவிகுளமும் பீர்மேடும், தோட்டத் தொழிலாளராகத் தமிழர் நிறைந்திருந்தும், அந்நாளில் கேரளத்திலேயே நின்றன. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. மக்களின் நாவில் விழவில்லை.

இத்தகைய ஊரில் ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், கடைவீதியில் மலையாளமும், பாடநூலில் ஆங்கிலமும் காண்கிறது. இருளர் வீட்டுக் குழந்தைக்கு நான்காவதாகத் தன் தாய்மொழியும் உண்டு. இருளர் மொழி தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கிய உறவுடையது. அதனைச் செக் நாட்டுப் பேரறிஞர் கமில் சுவலபில் ஆராய்ந்து 1973-இல் நூல் வெளியிட்டார்.

இந்நிலையில் பெற்றோர் பலர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகின்றது. ‘மூன்று மொழிகளைச் சுமந்தால் பிள்ளைக்கு எதுவும் நில்லாது, ஒன்றை இறக்கி வைப்போம்’ என்று அவர்கள் கருதுகின்றனர். ஆங்கிலம் வேலைக்கு வேண்டும். மலையாளம் மாநிலத்திற்கு வேண்டும். ஆதலின் இறக்கி வைக்கப்படுவது தமிழாகவே முடிகின்றது. அகளியில் மட்டுமன்று; மும்பையிலும் தில்லியிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இக்கதை நிகழக் காண்கிறோம். இவ்வச்சத்திற்கு அடிப்படை உண்டா என்பதை வரலாறு கொண்டே தெளியலாம்.

ஐரோப்பியர் தமிழ் கற்ற வழி

ஆங்கிலம் நம்மிடம் வருவதற்கு முன்னரே, நம் மொழியைக் கற்க ஐரோப்பியர் வந்தனர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கசு, 1549-ஆம் ஆண்டளவில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாவதற்குக் காரணராயிருந்தவரும் இவரே. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு இலத்தீனில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் செருமனியின் ஆலே நகரில் அச்சேறிற்று. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். முன்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

இவர்கள் அனைவரும் கையாண்ட நெறி ஒன்றே: தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. இலத்தீன் மொழியின் வேற்றுமை அட்டவணையையும் வினைத் திரிபு அட்டவணையையும் விரித்துவைத்துக்கொண்டு, அந்தந்தக் கட்டத்தில் தமிழ்ச் சொற்களை நிரப்பிப் பார்த்தனர். பொருந்திய இடத்தில் எளிதாகக் கற்றனர். பொருந்தாத இடத்தில், இங்கே தமிழின் இயல்பு வேறு என்று குறித்துக்கொண்டனர். 1812-இல் சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் தோன்றிய புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரியிலும் கும்பெனியின் இளம் அதிகாரிகள் தம் மொழியின் துணையோடே தென்மொழிகளைக் கற்றனர்.

இங்கு ஒன்று எண்ணத்தக்கது. தமிழ் கற்க வேண்டுமாயின் செருமன் மொழியை மறந்துவிடுக என்று சீகன்பால்குவுக்கு எவரும் அறிவுரை கூறவில்லை. தம் மொழியறிவே அவர்களுக்கு ஏணியாயிற்று. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அவ்வேணியை எடுத்துவிட்டு ஏறச் சொல்வது எவ்வாறு பொருந்தும்?

மனப்பாட நெறி

மெக்காலேயின் குறிப்பும் பெண்டிங்கு பிரபுவின் ஆணையும் 1835-இல் ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்தன. அரசுப் பணிக்கு ஆங்கிலம் கற்றவர்க்கு முதலிடம் என்று 1844-இல் ஆர்டிஞ்சு பிரபு அறிவித்தார். அன்று முதல் ஆங்கில இலக்கணம் என்பது உத்தியோகத்திற்குச் செல்லும் வாயிலாயிற்று. பிற்காலத்தில் நெசுபீல்டின் இலக்கண நூல்களும், 1930-களின் நடுவில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் நாடெங்கும் பரவின. பின்னதன் திருத்தப் பதிப்பு இன்றும் கடைகளில் விற்பனையாகின்றது.

இந்நூல்களின் நெறி, வரையறையை முதலில் கூறி, விதியை அடுத்து வைத்து, பயிற்சியை இறுதியில் தருவது. சொற்கள் எட்டு வகை என்று மாணவன் ஒப்பிப்பான். ஒவ்வொரு சொல்லையும் பிரித்து வகை சொல்வான். ஒழுங்கும் திட்பமும் இந்நெறியின் சிறப்புகள். ஆனால் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்திலேயே அமைந்ததால், ஆங்கிலம் அறியாதவனுக்கு ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்குவதாயிற்று. வரையறை நெஞ்சில் நின்றது. வாக்கியம் நாவில் எழவில்லை.

அதே காலத்தில் ஆறுமுக நாவலர் ‘இலக்கணச் சுருக்கம்’, ‘இலக்கண வினாவிடை’ முதலிய நூல்களால் தமிழ் இலக்கணத்தைப் பள்ளிச் சிறுவரும் உணரும் உரைநடையில் தந்திருந்தார். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், எச்சம் என்னும் கருவிகள் மாணவன் கையில் இருந்தன. ஆயினும் தமிழாசிரியர் வகுப்பும் ஆங்கில ஆசிரியர் வகுப்பும் இருவேறு உலகங்களாகவே நடந்து வந்தன.

அமைப்பு நெறியும் பணி நெறியும்

விடுதலைக்குப் பின் சென்னை மாகாணம் ஒரு புதுநெறியைக் கைக்கொண்டது. 1952-இல் இங்கு வகுக்கப்பட்ட ஆங்கிலப் பாடத்திட்டம் இலக்கண விதிகளை ஒதுக்கிவிட்டு, வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடுமை நோக்கி வரிசைப்படுத்தியது. ‘திஸ் இஸ் எ புக்’ என்று தொடங்கி, ஓர் அமைப்பில் சொல்லை மாற்றி மாற்றிப் பயிற்றுவது இதன் முறை. இதனைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 27,000 பேருக்குக் கற்பிக்க 1950-களின் இறுதியில் ஒரு பேரியக்கம் தொடங்கிற்று. சிலர் பயின்று பலர்க்குப் பயிற்ற, அப்பலர் மேலும் பலர்க்குப் பயிற்றுவதால், உருள உருளப் பெருகும் பனிப்பந்தின் பெயரால் அதனைச் ‘சென்னைப் பனிப்பந்து’ என்று அழைத்தனர். அந்தப் பனிப்பந்து உருளத் தொடங்கியபோது அகளி கேரளத்தின் பகுதியாகிவிட்டிருந்தது.

இந்நெறியால் பிள்ளைகள் வாய் திறந்து பேசினர். ஆயினும் வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியத்தை வெளியே வேண்டுமிடத்துப் பயன்படுத்த இயலாமை பெரிதும் காணப்பட்டது. இக்குறையை ஆராய்ந்தவர் என். எஸ். பிரபு. அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமோ அமைப்பு வரிசையோ இன்றி, இரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டறிவது போன்ற பணிகளைப் பிள்ளைகளுக்குத் தந்தார். கருத்து பொருளின்மேல் நிற்கும்போது இலக்கணம் தானே உள்ளத்தில் படியும் என்பது அவர் கொள்கை. ‘பெங்களூர்த் திட்டம்’ எனப்பட்ட இச்சோதனையைப் பற்றி 1987-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் மொழியாசிரியர்களால் பயிலப்பட்டது.

விதியை ஓதுதல், அமைப்பைப் பழக்குதல், பணியால் பழகுதல் என மூன்று நெறிகளைக் கண்டோம். இம்மூன்றும் ஏதோ ஒரு பயன் தருவனவே. ஆனால் இம்மூன்றிலும், பிள்ளை ஏற்கெனவே அறிந்து வந்த மொழி விளக்கத்திற்குரிய முதற்கருவியாக வைக்கப்படவில்லை. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய இலக்கணம் அறிஞருக்குப் பயன்பட்டது. அந்த ஒப்பீட்டு முறையைச் சிறுவனின் பாடப்பலகைக்கு இறக்கிக் கொணர்ந்தால் என்ன பயன் விளையும் என்பதை இனிக் காண்போம்.

வினைமுற்றில் இரு மொழிகளின் துணை

தமிழில் ‘வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள்’ என்று வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். ஆங்கிலத்திலோ ‘ஐ கேம், ஹீ கேம், ஷீ கேம், தே கேம்’ என எங்கும் ஒரே வடிவம். தமிழ்ச் சிறுவனுக்கு இது வியப்பைத் தரும். அகளிச் சிறுவனுக்கோ வியப்பில்லை. ‘ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு’ என்று அண்டை வீட்டில் நாள்தோறும் கேட்கிறான். ‘மலையாளத்து வந்நு போன்றதே ஆங்கிலத்துக் கேம்’ என்று ஒரு தொடரில் ஆசிரியர் விளக்கி முடிக்கலாம்.

மலையாள மொழியின் இவ்வியல்பை நன்கு ஆராய்ந்தவர் ஏ. ஆர். இராசராச வர்மா. 1896-இல் வெளிவந்த ‘கேரள பாணினீயம்’ என்னும் இலக்கணத்தில், மலையாளம் பிரிந்து வளர்ந்த ஆறு முறைகளுள் ஒன்றாகப் ‘புருஷபேத நிராசம்’ என்பதைக் கூறினார். இடம் காட்டும் விகுதிகளை வினை கைவிடுதல் என்பது அதன் பொருள். ‘இராமசரிதம்’ போன்ற பழைய நூல்களில் அவ்விகுதிகளைக் காணலாம். ஆங்கிலத்தின் வரலாறும் இதனை ஒத்ததே. பழைய ஆங்கிலத்தில் தன்மைக்கும் முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வினை வேறுபட்டு நின்றது. காலப்போக்கில் அவ்விகுதிகள் உதிர்ந்தன. கடல்களுக்கு அப்பாலும் மலைக்கு அப்பாலும் இரு மொழிகள் ஒரே வகையில் மாறியிருப்பது இன்பம் பயக்கும் செய்தியன்றோ!

உதிர்ந்தவற்றுள் ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் எஞ்சி நிற்கின்றது. நிகழ்காலத்தில் ‘ஐ கம்’ என்றும் ‘ஹீ கம்ஸ்’ என்றும் வரும். படர்க்கை ஒருமையில் ஒட்டும் இந்த ‘ஸ்’ ஒலியைத்தான் மாணவர் மிகுதியும் விட்டுவிடுகின்றனர். இதனை விளக்க மலையாளம் துணை செய்யாது. தமிழ் துணை செய்யும். ‘வருகிறேன்’ என்பது ‘வருகிறான்’ என மாறுவதைப் போன்றதே இது என்று காட்டலாம். இறந்தகாலத்திற்கு மலையாளம், நிகழ்காலத்துப் படர்க்கைக்குத் தமிழ் என இரு மொழிகளும் ஆளுக்கொரு கை கொடுக்கின்றன.

மற்றொன்றும் உண்டு. ‘அவன் மாணவன்’ என்பது தமிழில் முழு வாக்கியம், பெயரே பயனிலையாகும். அதனால் ஆங்கிலத்தில் ‘ஹீ ஸ்டூடன்ட்’ என்று எழுதிவிடுகின்றனர். மலையாளத்தில் ‘அவன் வித்யார்த்தியாணு’ என்பர். அந்த ‘ஆணு’ நிற்கும் வேலையே ‘இஸ்’ நிற்கும் வேலை. நம் எழுத்து நடையிலும் ‘அவன் மாணவன் ஆவான்’ என்று எழுதுவதுண்டு. இதனைக் காட்டியபின் ‘இஸ்’ விடுபடுவது அரிதாகும்.

வேற்றுமையும் சொல்வரிசையும்

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னர் வரும் ‘டு, ஃபார், பை, வித், ஃப்ரம், ஆஃப், இன்’ என்னும் சிறு சொற்கள் கற்போரைத் திகைக்கச் செய்வன. நம் வேற்றுமைப் பாடத்தை அறிந்தவனுக்கு அத்திகைப்பு இல்லை. நமக்கு உருபு பெயருக்குப் பின் வரும். அவர்களுக்கு முன் வரும். அத்துடன், உருபின் பொருள்களை நன்னூலார் பகுத்துவைத்த முறை மிகவும் பயன்படும். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள்கள் உண்டு. கத்தியால் வெட்டினான் என்பதில் கருவிப்பொருள், அங்கே ‘வித்’. அரசனால் கட்டப்பட்டது என்பதில் கருத்தாப்பொருள், அங்கே ‘பை’. தந்தையோடு வந்தான் என்பதில் உடனிகழ்ச்சி, அங்கும் ‘வித்’. நான்காம் வேற்றுமையில் கொடைப்பொருளுக்கு ‘டு’ என்றும், பொருட்டு என்னும் பொருளுக்கு ‘ஃபார்’ என்றும் பெரும்பாலும் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் இன்றைய ஆங்கில வகுப்பிற்கு விளக்குப் பிடிக்கின்றார் என்றால் அது மிகையாகாது.

இரண்டாம் வேற்றுமை தனித்துக் கருதத்தக்கது. ‘இராமன் கண்ணனை அழைத்தான்’ என்றாலும் ‘கண்ணனை இராமன் அழைத்தான்’ என்றாலும் அழைத்தவன் இராமனே. ‘ஐ’ உருபு பொருளைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. வினைக்கு முன் நிற்பவன் எழுவாய், பின் நிற்பவன் செயப்படுபொருள். இடம் மாறினால் பொருள் தலைகீழாகும். ஆங்கிலத்தில் சொல்வரிசைக்கு ஏன் அத்தனை கண்டிப்பு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டு உணர்த்திவிடும். அவ்வாறே ‘நேற்று வந்த பையன்’ என்னும் பெயரெச்சத் தொடரைக் கண்ணாடியில் காண்பதுபோலத் திருப்பினால், ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே’ என்பது கிடைக்கும்.

செயப்பாட்டுவினைக்கு எம்போன்ற எழுத்தர்களின் மேசையே பாடசாலை. ‘ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்’ என்று தொடங்காத அரசுக் கடிதம் அரிது. ‘தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்’ என்பது அதன் பொருள். பணித்தவர் யார் என்பது மறைந்து நிற்கிறது. நம் ‘படு’ என்னும் துணைவினையின் வேலையை அங்கே ‘ஆம், இஸ், வாஸ்’ முதலியன எச்ச வடிவத்தோடு கூடிச் செய்கின்றன. பேச்சுத் தமிழில் இவ்வினை அருகியே வருவதால், எழுதிய கடிதத்தைக் காட்டி விளக்குவது எளிது.

துணை நில்லா இடங்கள்

ஒப்பீடு எல்லா இடத்தும் உதவும் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். ‘எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் கூறுவதை ஆங்கிலம் ‘ஐ ஹேவ்’ என்று எழுவாயாக்கிக் கூறும். மலையாளமும் ‘எனிக்கு’ என்று நம் பக்கமே நிற்கிறது. ‘டஸ் ஹீ கம்?’ என்று துணைவினையை முன்னிறுத்தி வினவும் முறையும் நம்மிடம் இல்லை. நமக்கு ‘ஆ’ என்னும் ஓர் எழுத்தே போதும். ‘எ’, ‘தி’ என்னும் சொற்களுக்கு ஒரு பாதி விளக்கம் உண்டு. முன்னது ‘ஒன்று’ என்னும் சொல்லிலிருந்தும், பின்னது சுட்டுச்சொல்லிலிருந்தும் ஆங்கிலத்தில் தோன்றியவை. ‘ஒரு நாய் வந்தது, அந்த நாய் குரைத்தது’ என்னும் நம் கதை நடை அவ்விரண்டையும் ஓரளவு உணர்த்தும். எஞ்சியவை படித்தும் கேட்டும் பழகியே வரவேண்டும். அங்கே அமைப்புப் பயிற்சியும் பிரபுவின் பணி நெறியும் கைகொடுக்கும். பழைய நெறிகளைத் தள்ளவேண்டுவதில்லை. அவற்றுக்கு முன்னே தாய்மொழி விளக்கத்தை வைக்க வேண்டும் என்பதே கூறவருவது.

நிறைவுரை

இந்நெறிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாணவனுக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருத்தல் வேண்டும். வேற்றுமை அறியாதவனிடம் வேற்றுமையைக் காட்டி ஆங்கிலத்தை விளக்குதல் இயலாது. தமிழை இறக்கி வைத்த வீட்டில் ஆங்கிலத்திற்குரிய படிக்கட்டும் இறங்கிப் போய்விடுகின்றது. மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்று, 1956-இல் சேர்க்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகின்றது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே பிள்ளையை அனுப்ப வேண்டியவர்கள் பெற்றோரே. தமிழ்ப்பள்ளி இல்லாத ஊரில் வாழ்வோர், மாலையில் அரைமணி நேரம் எட்டு வேற்றுமையையும் இரு எச்சங்களையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம். நம் சங்கங்கள் நடத்தும் வார வகுப்புகளும் இதனை மேற்கொள்ளத்தக்கன.

திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், தாம் 1789-இல் பொறுப்பேற்ற எழும்பூர் அனாதைச் சிறுவர் பள்ளியில் அம்முறையைப் புகுத்தி, கற்ற பிள்ளையைக் கொண்டே கல்லாத பிள்ளைக்குக் கற்பித்தார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்து சென்று புகழ் பெற்றது. அகளியில் ஒரே பலகையில் அமரும் தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் அதே முறையில் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகலாம். ‘உங்கள் வந்நு, எங்கள் வந்தான்’ என்று அவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் இரு மொழிகளின் உறவும் விளங்கும். மூன்றாம் மொழியின் அமைப்பும் விளங்கும்.

மொழிகள் தலையில் ஏற்றிய மூட்டைகள் அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள். அடிப்படி எதுவென்று அறிந்து, அதனை உறுதியாக இடுவோமாக. மேற்படிகளில் நம் பிள்ளைகள் தாமே ஏறிக்கொள்வர்.